காமிக்ஸ் கடையும் வட்டத்தொட்டியும்

தி பிக் பேங் தியரி என்பது அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2007 செப்டம்பர் 24 முதல் 2019 மே 16 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர். சக் லாரி, பில் பிராடி இருவரும் சேர்ந்து இதை உருவாக்கினர். 12 பருவங்களில் 279 அத்தியாயங்கள் வெளிவந்தன. கலிபோர்னியா மாநிலத்தின் பாசடீனா நகரில் வாழும் நான்கு இளைஞர்களைச் சுற்றிக் கதை நகர்கிறது. நால்வரும் அறிவியல் படித்தவர்கள். நால்வருக்கும் காமிக்ஸ் பித்து உண்டு. அமெரிக்க வழக்கில் இப்படிப்பட்டவர்களைக் ‘கீக்’ என்றும் ‘நெர்ட்’ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் புத்தகப்புழு, அரைக்கிறுக்கு என்ற பெயர்கள் கிடைக்கும்.

தங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி எடுக்கப்பட்ட ஒரு தொடரைக் காமிக்ஸ் ரசிகர்களே ஏன் விரும்பிப் பார்த்தார்கள் என்ற கேள்வி தொடர் வெளிவந்த நாள் முதலே இருக்கிறது. காமிக்ஸ் பற்றிய குறிப்புகள் நிறைய வருவதால் என்று பலர் பதில் சொல்வதுண்டு. அது பாதிப் பதில்தான். மீதியைத் தெரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் உதவும். ஒன்று, குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யைச் சுற்றிக் கூடிய கம்பன் ரசிகர் வட்டம். மற்றொன்று, சிவகாசியில் அச்சாகித் தென்காசி வரை வந்து சேர்ந்த தமிழ்க் காமிக்ஸ். இந்த இரண்டையும் அறிந்தவருக்கு அந்த அமெரிக்கத் தொடரில் வரும் காமிக்ஸ் கடை அந்நியமாகத் தோன்றாது.

நான்கு பேர்

ஷெல்டன் கூப்பர் கோட்பாட்டு இயற்பியலாளர். லெனார்ட் ஹாஃப்ஸ்டாடர் சோதனை இயற்பியலாளர். இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். ஹவர்ட் வோலோவிட்ஸ் விண்வெளிப் பொறியாளர். நான்காமவர் ராஜேஷ் கூத்ரப்பாலி, வானியற்பியலாளர். கதைப்படி அவர் டெல்லிக்காரர். ஆனால் அந்தக் குடும்பப் பெயரைக் கேட்கும் தென்காசிக்காரருக்கு, ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊர் எதையோ சொல்வது போல இருக்கும். எதிர்வீட்டில் பென்னி என்ற பெண் குடிவருகிறார். அவருக்கு அறிவியலும் தெரியாது, காமிக்ஸும் தெரியாது. பார்வையாளர்களில் பெரும்பாலோர் பென்னியின் கண் வழியாகவே மற்ற நால்வரையும் பார்க்கிறார்கள்.

தொடரில் வெள்ளைப் பலகையில் எழுதப்படும் சமன்பாடுகள் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தைச் சேர்ந்த டேவிட் சால்ட்ஸ்பர்க் என்ற இயற்பியல் பேராசிரியரை ஆலோசகராக வைத்திருந்தார்கள். காமிக்ஸ் விஷயத்திலும் அதே கவனம் இருந்தது. ஷெல்டன் அணியும் பனியன்களில் ஃபிளாஷ், கிரீன் லாண்டர்ன் போன்ற நாயகர்களின் சின்னங்கள் இருக்கும். இதில் வணிகக் காரணமும் உண்டு. தொடரைத் தயாரித்தது வார்னர் பிரதர்ஸ். அந்த நாயகர்களின் உரிமை பெற்ற டி.சி. காமிக்ஸும் அதே நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்காகப் போட்டி நிறுவனமான மார்வெலை ஒதுக்கிவிடவும் இல்லை. மார்வெலின் ஸ்டான் லீ 2010 இல் ஓர் அத்தியாயத்தில் ஸ்டான் லீயாகவே வந்தார். ஷெல்டன் அவரைச் சந்திக்கும் வாய்ப்பைத் தவறவிட்டு, பிறகு அழையாமலே அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார். இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்ப் பழக்கமுள்ளவர்கள் இப்படி ஒருவரையாவது பார்த்திருப்பார்கள்.

புதன்கிழமைக் கடை

தொடரின் மிக முக்கியமான இடங்களில் ஒன்று ஸ்டூவர்ட் புளூம் என்பவர் நடத்தும் காமிக்ஸ் கடை. அமெரிக்காவில் புதிய காமிக்ஸ் புதன்கிழமைதோறும் கடைக்கு வரும். நால்வரும் தவறாமல் அன்று அங்கே போய்விடுவார்கள். கடையில் வியாபாரம் குறைவு; பேச்சு அதிகம். ஸ்டூவர்ட் எப்போதும் பணமுடையில் இருப்பவர். ஏழாம் பருவத்தின் முடிவில் கடை தீப்பிடித்து எரிகிறது. எட்டாம் பருவத்தில் நண்பர்களின் உதவியோடு மீண்டும் திறக்கப்படுகிறது.

இப்படிக் காமிக்ஸுக்கென்றே ஒரு கடை எப்படி வந்தது என்பது தனி வரலாறு. 1970கள் வரை அமெரிக்காவிலும் காமிக்ஸ் பெட்டிக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும்தான் விற்றது. விற்காத பிரதிகளைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1973 வாக்கில் ஃபில் சியூலிங் என்பவர் பதிப்பாளர்களிடம் ஒரு புதிய ஏற்பாட்டைப் பேசி முடித்தார். அதன்படி கடைக்காரருக்குக் கழிவு கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் விற்காததைத் திருப்ப முடியாது. திருப்ப முடியாது என்றால், எது விற்கும், யார் வாங்குவார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தெரிந்தவர் ரசிகராகத்தான் இருக்க முடியும். இவ்வாறு ரசிகர்களே நடத்தி, ரசிகர்களே வாங்கும் கடைகள் ஊர்தோறும் தோன்றின. ஃபில் சியூலிங் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியராக இருந்தவர் என்பது கூடுதல் செய்தி. காமிக்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்ட ஆசிரியர்களின் கணக்கில் அவரையும் ஒருபுறம் எழுதிக்கொள்ளலாம்.

ஸ்டூவர்ட்டின் கடையை மையமாகக் கொண்ட இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்த்தாலே தொடரின் போக்கு புரியும். இரண்டாம் பருவத்தில் ஸ்டூவர்ட் பென்னியை வெளியே அழைத்துப் போகிறார். திரும்பி வந்ததும் ஷெல்டனுக்கும் அவருக்கும் ஒரு வாக்குவாதம் தொடங்குகிறது: பேட்மேன் இல்லாமல் போனால் அந்த முகமூடியை அணியத் தகுதியானவர் யார்? அழைத்துப் போன பெண்ணை மறந்துவிட்டு ஸ்டூவர்ட் அந்த வாதத்தில் மூழ்கிவிடுகிறார். அந்த அத்தியாயம் வந்த 2009 ஆம் ஆண்டில் டி.சி. நிறுவனம் அதே கேள்வியைத்தான் தன் இதழ்களில் கதையாக வெளியிட்டுக்கொண்டிருந்தது. பொதுப் பார்வையாளருக்கு இது ஒரு கிறுக்குச் சண்டை. காமிக்ஸ் வாசகருக்கோ அந்த மாதத்தில் அவரே நண்பரோடு போட்ட சண்டை.

மற்றொன்று ஆறாம் பருவத்தில், 2013 இல் வந்தது. பென்னியும் அவருடைய தோழியர் இருவரும், ஆண்கள் இப்படி உயிரை விடுகிறார்களே, அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கக் கடைக்குப் போய்த் தோர் காமிக்ஸ் ஒன்றை வாங்கிப் படிக்கிறார்கள். தோரின் சுத்தியலைத் தகுதியுள்ளவரைத் தவிர வேறு யாராலும் தூக்க முடியாது என்பது கதை. சிறிது நேரத்தில் மூவரும் யார் தூக்க முடியும், யார் முடியாது என்று உரத்த குரலில் வாதாடத் தொடங்கிவிடுகிறார்கள். பித்து என்பது பிறவிக் குணமன்று, ஒட்டிக்கொள்வது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது கடினம்.

குற்றாலத்தில் ஒரு வட்டம்

ஒரு கதையின் ஒரு சிறு புள்ளியை வைத்துக்கொண்டு பல மணி நேரம் பேசும் நண்பர் கூட்டம் தென்காசி வட்டாரத்துக்குப் புதிதன்று. இங்கே அதற்குப் பெயரே உண்டு: வட்டத்தொட்டி.

ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தென்காசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1882 இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தார். சட்டம் படித்தவர், இந்து அறநிலையத் துறை ஆணையராகப் பணியாற்றியவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருந்த அவருடைய வீட்டில், வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை படித்தார்கள். கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராயிற்று. பிறகு அவர் குற்றாலத்துக்குக் குடிபெயர்ந்தபோது வட்டமும் அங்கே வந்துவிட்டது. பேராசிரியர் அ. சீனிவாசராகவன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகாராஜன், வித்வான் ல. சண்முகசுந்தரம், மீ. ப. சோமு போன்றோர் இந்த வட்டத்தோடு நெருங்கியிருந்தவர்கள். ராஜாஜியும் கல்கியும் டி.கே.சி.யின் நண்பர்கள். கி. ராஜநாராயணன் இடைசெவலிலிருந்து குற்றாலத்துக்கு வந்து டி.கே.சி.யோடு பழகியவர்.

வட்டத்தொட்டியில் பதவிகள் கிடையா, தீர்மானங்கள் கிடையா. கம்பனின் ஒரு பாடலை எடுத்துக்கொள்வார்கள். டி.கே.சி. அதை நிறுத்தி நிதானமாகச் சொல்வார், மீண்டும் சொல்வார், ஒரு சொல்லில் நின்றுவிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகப் பொழுது போவது தெரியாமல் பேச்சு நடக்கும். விருந்தோம்பலுக்கும் பெயர் பெற்ற வீடு அது. வந்தவர்கள் கம்பனையும் நினைத்தார்கள், பலகாரத்தையும் நினைத்தார்கள். வர இயலாதவர்களுக்கு டி.கே.சி. கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. 1954 இல் அவர் காலமானார்.

வட்டத்தொட்டியைக் காமிக்ஸ் கடைக்கு மிக அருகில் கொண்டுவந்து நிறுத்துவது வேறொரு செயல். கம்பராமாயணத்தில் உள்ள பாடல்களில் பல கம்பருடையவை அல்ல, இடைச்செருகல்கள் என்று டி.கே.சி. உறுதியாகக் கருதினார். கம்பர் எப்படிப் பாடுவார், எப்படிப் பாடமாட்டார் என்பது தமக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் பாடல்களை விலக்கினார். சில இடங்களில் பாடத்தையும் மாற்றினார். ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்ற பெயரில் அவர் வெளியிட்ட தொகுப்பு அப்படி வடிகட்டப்பட்டது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் அறிஞர்களுக்கு இது பொறுக்கவில்லை. சுவடியில் இல்லாத ஒன்றை ரசனையை மட்டும் சாட்சியாக வைத்து எப்படி ஏற்பது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பதிப்பு முறை என்ற அளவில் டி.கே.சி. செய்தது தவறு என்றே சொல்ல வேண்டும். ஆனால் எந்த அளவுக்கு நேசித்தால் ஒருவருக்கு அப்படிச் செய்யத் துணிவு வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காமிக்ஸ் உலகிலும் இதே வழக்கு நடக்கிறது. சூப்பர்மேன் 1938 இல் தோன்றியவர். அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்கள் அவரை எழுதினார்கள். ஒருவர் எழுதியதும் இன்னொருவர் எழுதியதும் பொருந்தாமல் போகும்போது எது உண்மையான கதை என்ற சண்டை எழும். 1985–86 இல் டி.சி. நிறுவனம், ஒன்றுக்கொன்று முரண்பட்ட பல கதை உலகங்களை அழித்து ஒரே உலகமாக்க ஒரு பெருந்தொடரையே வெளியிட்டது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதை ஏற்றார்கள். மற்றவர்கள் இன்றுவரை ஏற்கவில்லை. ஷெல்டன் இந்த இனத்தைச் சேர்ந்தவர். அவர் அமெரிக்காவில் பிறந்து பேட்மேனைப் பற்றிக்கொண்டார். வண்ணார்பேட்டையில் பிறந்திருந்தால் எந்தச் செய்யுள் செருகுகவி என்று பட்டியல் போட்டிருப்பார்.

இந்த ஒப்பீட்டில் கம்பனையும் காமிக்ஸையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் வருந்த வேண்டியதில்லை. நூல்கள் வேறு வேறு; ரசிகர் கூடும் விதம் ஒன்று. படம் வரைந்து கதை சொல்வது சிறுபிள்ளைகளுக்கானது என்று நினைப்பவர்கள், குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்த சித்திர சபைக்குள் ஒருமுறை போய்ச் சுவர்களைப் பார்த்துவிட்டு வரலாம்.

சிவகாசியிலிருந்து

தமிழ்க் காமிக்ஸ் வரலாற்றில் 1972 முக்கியமான ஆண்டு. சிவகாசியில் மு. சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. முல்லை தங்கராசன் தொடக்க கால ஆசிரியர். ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் 1962 முதல் வந்துகொண்டிருந்த தொடரின் தமிழாக்கம் அது. மாயாவியைத் தொடர்ந்து லாரன்ஸ் – டேவிட், ஜானி நீரோ முதலியோர் தமிழ் பேசத் தொடங்கினார்கள். பிரிட்டனில் மறக்கப்பட்ட பிறகும் அவர்களைத் தமிழ்நாட்டில் பேர் சொல்லி விசாரிக்க ஆள் இருந்தது.

அடுத்த திருப்பம் 1984 ஜூலை. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பள்ளிப் படிப்பை முடித்திருந்த வயதில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் மாடஸ்டி பிளைசி தோன்றும் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. அதே மாதம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. மாதம் இருமுறை வெளியான ராணி காமிக்ஸ் 2005 வரை 500 இதழ்கள் கண்டது. நாளிதழ் போகும் பெட்டிக்கடைக்கெல்லாம் அதுவும் போனது. லயனில் ஸ்பைடரும் இரும்பு மனிதன் ஆர்ச்சியும், பிறகு இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லரும், பிரெஞ்சு மொழியிலிருந்து லக்கி லுக், கேப்டன் டைகர் போன்றோரும் வந்து சேர்ந்தார்கள்.

விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போகும் ரயில் பாதை 1927 இல் திறக்கப்பட்டது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாக அது தென்காசியைத் தொட்டுச் செங்கோட்டைக்குப் போகிறது. பட்டாசும் தீப்பெட்டியும் நாட்காட்டியும் அச்சிட்ட ஊரிலிருந்து அதே பாதையில் அமைந்த ஊர்கள் இவை. ராஜபாளையம், புளியங்குடி வழியாக வரும் சாலையும் அப்படித்தான். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வந்து குவியும் கூட்டத்துக்காகவும் பேருந்து நிலையத்துக் கடைகளில் இதழ்கள் தொங்கும். ஆனாலும் காமிக்ஸுக்கென்று தனியாக ஒரு கடை இந்தச் சிற்றூர்களில் இருந்ததில்லை. வார இதழ்களுக்கும் ஊறுகாய்ப் பொட்டலங்களுக்கும் நடுவே மாயாவி ஒரு கிளிப்பில் மாட்டப்பட்டிருப்பார். வாங்கியவன் நின்று பேச இடமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் ‘பொம்மைப் புத்தகம்’ என்ற ஏச்சு. பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்ததும், பிடிபட்டதும், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போனதும் அந்தத் தலைமுறை வாசகர்கள் பலரும் சொல்லும் கதை. அன்று எடைக்குப் போன இதழ்கள் இன்று சேகரிப்பாளர்களிடையே பல மடங்கு விலைக்குக் கைமாறுகின்றன.

கூடிப் பேச இடமில்லாத வாசகனுக்கு இருந்த ஒரே திண்ணை இதழின் கடிதப் பகுதி. லயனில் ஆசிரியர் விஜயன் ‘ஹாட்லைன்’ என்ற பகுதியில் வாசகரோடு நேரே பேசுவது போல எழுதினார். எந்தக் கதை தாமதம், ஏன் தாமதம், அடுத்து என்ன என்பதெல்லாம் அதில் வரும். பின்னாளில் ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்ற பெயரில் தன் பதிப்பு அனுபவங்களையும் எழுதினார். கதையைப் புரட்டும் முன் இந்தப் பக்கத்தைப் படிக்கும் வாசகர்கள் உண்டு. டி.கே.சி.யின் கடிதம் நண்பர்களுக்குச் செய்ததை, அச்சிட்ட இந்தப் பக்கம் முகமறியாத வாசகர்களுக்குச் செய்தது.

மாயாவியின் சட்டை

தொடரின் இரண்டாவது அத்தியாயத்திலேயே சூப்பர்மேன் பற்றிய விவாதம் வந்துவிடுகிறது. உயரமான கட்டடத்திலிருந்து விழும் லோயிஸ் லேனைச் சூப்பர்மேன் கைநீட்டித் தாங்கிக் காப்பாற்றுகிறாரே, அது நடக்குமா? ஷெல்டன் கணக்குப் போடுகிறார். விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடுகிறது. உயரம் போதுமான அளவு இருந்தால், காற்றின் தடையையும் சேர்த்து, மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அந்த வேகத்தில் வரும் உடம்பு இரும்பு போன்ற இரு கைகளில் மோதினால் காப்பாற்றப்படாது, மூன்று துண்டாகும். விழும் வேகத்துக்கு ஈடாகச் சூப்பர்மேனும் கீழே பறந்து, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தால்தான் பிழைக்க வழி உண்டு. மேல்நிலை வகுப்பில் உந்தம், கணத்தாக்கு பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் இதே முறையில் சூப்பர் நாயகர்களைக் கொண்டு இயற்பியல் கற்பித்து, 2005 இல் நூலாகவும் எழுதினார். 1973 இல் வந்த ஸ்பைடர்மேன் கதையில் பாலத்திலிருந்து விழும் குவென் ஸ்டேசி, வலையால் சட்டென்று நிறுத்தப்பட்டதும் இறந்துபோவதை அவர் அதில் கணக்கோடு விளக்குகிறார்.

தமிழ் வாசகருக்கு இதே வகைக் கேள்வியை இரும்புக்கை மாயாவி வைத்திருக்கிறார். ஆய்வக விபத்தில் வலது கையை இழந்தவர் அவர். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். எச். ஜி. வெல்ஸ் 1897 இல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதன், உடைகள் மறையாததால் குளிரில் வெற்றுடம்போடு அலைய வேண்டியிருந்தது. மாயாவிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவரோடு சட்டையும் காற்சட்டையும் சேர்ந்தே மறைகின்றன. சட்டை மறையுமானால் கை ஏன் மறையவில்லை? இரும்பு மறையாது என்று விதி வைத்துக்கொண்டால் இடுப்பு வாரின் கொக்கி என்ன ஆயிற்று? காலணியின் ஆணிகள்? அவையும் அந்தரத்தில் நடந்து வந்திருக்க வேண்டுமே.

இந்தக் கேள்விக்குக் கதையில் விடை தேடி யாரும் ஏமாற வேண்டியதில்லை. ஆனால் இதைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதைத் தனியாக அனுபவிக்க முடியாது. கொக்கியைப் பற்றி ஒருவர் கேட்டால், இன்னொருவர் உடனே ஆணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்தவர் கேள்வியே தவறு என்று நிரூபிக்கப் புறப்பட வேண்டும். பெயர்க் குழப்பமே இன்னொரு விவாதத்துக்குப் போதும். முத்து காமிக்ஸ் வாசகருக்கு மாயாவி என்றால் இரும்புக்கை. அங்கே ஃபாண்டத்தின் பெயர் வேதாளர். ராணி காமிக்ஸ் வாசகருக்கோ மாயாவி என்றால் முகமூடி வீரர், அதாவது அதே ஃபாண்டம். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு இருவேறு ஆட்களைப் பற்றி அரை மணி நேரம் சண்டை போட்டிருக்க முடியும்.

தி பிக் பேங் தியரி காமிக்ஸ் வாசகரைத் தொட்ட இடம் இதுதான். அதில் கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்ல மூன்று பேர் எப்போதும் பக்கத்தில் இருக்கிறார்கள். கடைக்குப் போனால் நான்காவதாக ஸ்டூவர்ட் இருக்கிறார். அடுத்த புதன்கிழமை நிச்சயம் வரும். வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு தனியாகப் படித்த ஒருவருக்கு, பேட்மேனைவிட அந்தக் கடைதான் நம்ப முடியாத கற்பனையாகத் தோன்றியிருக்கும்.

சிரிப்பு யாரைப் பார்த்து

எல்லாக் காமிக்ஸ் ரசிகர்களும் தொடரை ஏற்கவில்லை. ‘ஃபிளாஷ்’ என்ற பெயரைச் சொன்னதும் பின்னணியில் சிரிப்பொலி எழுகிறதே, அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பித்துள்ளவர்களைப் பழக்கவழக்கம் தெரியாதவர்களாகவும், பெண்களிடம் பேசத் தெரியாதவர்களாகவும் காட்டிச் சிரிக்க வைப்பது பழைய கேலியின் புதிய வடிவம் என்றார்கள். ராஜேஷை வைத்துச் செய்த சில இந்திய நகைச்சுவைகள் இங்குள்ள பார்வையாளருக்கும் கசந்தன. இந்தக் குறைகள் உண்மையானவை. முதல் சில பருவங்களில் கேலி கூடுதலாகவே இருக்கிறது.

ஆயினும் முதல் பருவத்திலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய திரைப்படம் ஒன்றில் பயன்பட்ட கால இயந்திரத்தை நால்வரும் வாங்கிவிடுகிறார்கள். அது மாடிப்படியை அடைத்துக்கொள்ள, பென்னிக்கு வேலைக்குப் போகத் தாமதமாகிறது. கோபத்தில் அவர் எல்லோரையும் சிறுபிள்ளைகள் என்று திட்டிவிடுகிறார். மனம் உடைந்த லெனார்ட் தன் சேகரிப்பு முழுவதையும் விற்றுவிடத் தீர்மானிக்கிறார். நண்பர்கள் அதைத் துரோகமாகப் பார்க்கிறார்கள். பின்னர் பென்னியே வந்து தான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்கிறார். பெட்டியில் போட்ட பொம்மைகளையும் புத்தகங்களையும் விற்கக் கிளம்பும் அந்தக் காட்சியில் சிரிப்பொலி இருந்தாலும், எடைக்குப் போட்ட இதழ்களை நினைவில் வைத்திருக்கும் ஒருவரால் அதைச் சிரிப்பாக மட்டும் பார்க்க முடியாது.

டி.கே.சி.யையும் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஒரு பாட்டை ஒன்பது முறை சொல்லித் தலையாட்டும் கூட்டம் என்ற பேச்சு அன்றும் இருந்திருக்கும். வட்டத்துக்குள் இருந்தவர்களும் தங்களுக்குள் சிரித்துக்கொண்டவர்கள்தாம். உள்ளே இருப்பவரின் சிரிப்பும் வெளியே நின்று பார்ப்பவரின் சிரிப்பும் வேறு வேறு. இந்தத் தொடர் இரண்டையும் கலந்து கொடுத்தது. எந்தப் பங்கு பெரிது என்பதில் ரசிகர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை.

திருப்ப முடியாத பிரதிகள்

தமிழில் காமிக்ஸ் வாசகர்களுக்கு ஒரு வட்டம் அமைந்தது தாமதமாகத்தான். 2000களில் லயன், முத்து இரண்டும் தட்டுத்தடுமாறி வந்தன. ‘இரத்தப் படலம்’ தொடரின் 18 பாகங்களையும் ஒரே பெரும் நூலாக 2010 இல் லயன் வெளியிட்டது. முன்பணம் கட்டிய வாசகர்கள் அதற்காக நெடுநாள் காத்திருந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியையொட்டி ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வந்தது. அதன் பின் விற்பனை முறையே மாறியது. பெட்டிக்கடை முகவர்களை நம்பி அனுப்பித் திரும்பி வரும் பிரதிகளை எண்ணுவதற்குப் பதிலாக, ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்குக் கூரியரில் அனுப்புவது முதன்மையாயிற்று. ஃபில் சியூலிங் 1973 இல் கண்ட அதே தீர்வு இது: எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதை முன்பே தெரிந்துகொண்டு அச்சிடுவது. அமெரிக்காவில் அந்த ஏற்பாடு கடைகளைப் பிறப்பித்தது. இங்கே கடை இல்லாமல் நேரே வீட்டு வாசலுக்குப் பெட்டி வந்தது. பெட்டிக்கடையில் தற்செயலாகக் கண்ணில் பட்டு, சில்லறையை எண்ணி வாங்கிய சிறுவனுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது. தமிழ்க் காமிக்ஸின் இன்றைய வாசகர்களில் நடுத்தர வயதினர் மிகுதியாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கடை தராததை ஒரு புத்தகத் திருவிழா தந்தது. மக்கள் சிந்தனைப் பேரவை ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் நடத்தும் புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன் – முத்து வாசகர்கள் ஒன்றுகூடுகிறார்கள். ஆசிரியரும் சிவகாசியிலிருந்து வருகிறார். வேறு வேறு மாவட்டங்களிலிருந்து இரவு வண்டி பிடித்து வருபவர்கள், இதழ்களில் பெயரை மட்டும் பார்த்தவர்களை அங்கே முகம் பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு எந்த நாயகருக்கு எத்தனை இதழ், டெக்ஸ் வில்லருக்கு இடம் கூடிவிட்டதா, மாயாவியை மறுபதிப்புச் செய்யலாமா என்று பேச்சு நடக்கிறது. பகலுணவு நேரம் தள்ளிப்போவதும் உண்டு.